கைக்கடிகாரத்தின் விலையும் தரமும்

நேரத்தைத் துல்லியமாகக் காட்டுவதே தரம் என்றால், விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு 1969-இல் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்தே அறுபடத் தொடங்கிவிட்டது (அந்த முதல் கடிகாரம் மலிவானதன்று என்பது வேறு கதை). நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு இயங்கும் சாதாரண, மலிவான கடிகாரம் மாதத்துக்கு ஏறத்தாழ 15 நொடிதான் பிசகும். துல்லியத்துக்கென வழங்கப்படும் சுவிட்சர்லாந்தின் குரோனோமீட்டர் சான்று பெற்ற, சுருள்வில்லால் இயங்கும் இயந்திரக் கடிகாரத்துக்கோ, சராசரியாக நாளொன்றுக்கு 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு.

ஆயினும் கூடுதல் விலை முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி, பழுதுபார்த்துப் பல்லாண்டு பயன்படுத்தத்தக்க இயந்திரம், கையால் மெருகிடப்பட்ட பாகங்கள் ஆகியவற்றுக்குச் செலவு உண்மையிலேயே கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கொடுக்கும் பணமோ பெரும்பாலும் பெயருக்கும், தங்கத்துக்கும், வேண்டுமென்றே குறைத்துத் தயாரிப்பதால் வரும் அரிதான தன்மைக்குமே போகிறது. அதைத் தரம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.