ஜப்பானிய என்3: விடாமல் படித்ததும் விரும்பிப் படித்ததும்

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வின் ஐந்து நிலைகளில் நடுவானது என்3. அதில் முதல் முறை எனக்குக் கிடைத்தது 180க்கு 101. தேர்ச்சிக்கு 95 போதும். ஆனாலும் ஃபெயில். சொல்லும் இலக்கணமும், வாசித்தல், கேட்டல் என மூன்று பகுதிகளிலும் தனித்தனியாக 60க்கு 19 எடுத்தாக வேண்டும். கேட்டலில் நான் எடுத்தது 16.

அந்த வருடம் நான் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விடியற்காலை எழுந்து காஞ்சி எழுத்துகளை (சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்தவை) எழுதி எழுதிப் பழகினேன். சொற்களை அட்டைகளாகத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவில் வைக்க உதவும் ஆங்கி செயலியை ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒரே அட்டையைப் பல முறை மறந்துவிட்டால் அதைத் தானாகவே ஒதுக்கி வைக்கும் வசதி ஆங்கியில் உண்டு. தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறதே என்று அந்த வசதியையே அணைத்து வைத்திருந்தேன். தூக்கம் குறைந்தது, தலைவலி வழக்கமானது. ஆடியோ பக்கம் மட்டும் போகவே இல்லை. தேர்வில் ஒரு முறைதான் ஒலிக்கும், தவறவிட்டால் அவ்வளவுதான் என்ற பயம். அந்தப் பயம் வரும்போதெல்லாம் இன்னும் பத்து காஞ்சி எழுதி மனதைச் சமாதானப்படுத்திக்கொள்வேன்.

ரிசல்ட் வந்த பிறகு இரண்டு மாதம் புத்தகத்தைத் திறக்கவில்லை. என்னைத் திரும்ப இழுத்து வந்தது மன உறுதி என்று சொன்னால் பொய். ஒரு வினைச்சொல்தான் இழுத்து வந்தது.

பழைய பயிற்சி ஆடியோ ஒன்றைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் “தாபேச்சத்தா” என்றார். புரியவில்லை. எழுத்து வடிவத்தைப் பார்த்தால், நான் நூறு முறை படித்த “தாபேதே ஷிமத்தா”. சாப்பிட்டுவிட்டேன். பேச்சில் அது சுருங்கிவிட்டது. அப்போதுதான் உறைத்தது: நாமும் “சாப்பிட்டுவிட்டேன்” என்றா பேசுகிறோம்? “சாப்ட்டுட்டேன்” என்றுதானே சொல்கிறோம்! நம் ‘விடு’ போலவே அங்கே ‘ஷிமவ்’ முக்கிய வினையோடு ஒட்டி, வேலை முடிந்ததையும் சில சமயம் ‘ஐயோ, இப்படி ஆகிவிட்டதே’ என்ற வருத்தத்தையும் சொல்கிறது. அன்று இரவு தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. “தாபேதே மிரு” என்றால் சாப்பிட்டுப் பார். ‘மிரு’ என்றாலே பார்ப்பது. “அகேதே ஓகு” என்றால் திறந்து வை; ‘ஓகு’ என்றாலே வைப்பது. பேச்சில் அதுவும் “அகேதோகு” ஆகிவிடும். ஒரு வருடம் மனப்பாடம் செய்த விதிகளெல்லாம் நான் தினமும் பேசுகிற பேச்சாக இருந்தன. தூங்கப் போக மனமே இல்லை.

உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த்தும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் எழுதிய கட்டுரையில் விடாமுயற்சியை இரண்டு கூறுகளாகப் பிரிக்கிறார்கள்: உழைப்பில் தளராமை, ஆர்வம் மாறாமை. எனக்கு முதலாவது ஏராளமாக இருந்தது. இரண்டாவதுக்கு நான் தீனியே போடவில்லை. மொழி கற்பவர்கள் 1,746 பேரிடம் கேட்டு டெவாலும் மெக்கின்டைரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. மகிழ்ச்சியும் பதற்றமும் ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிற தராசுத் தட்டுகள் அல்ல, ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்கிறது அது. பயம் போனால்தான் ரசிக்க முடியும் என்று நான் காத்திருந்தது வீண்.

இரண்டாவது முறை படிப்பை மாற்றினேன். தினமும் இரண்டு நிமிட உரையாடல் ஒன்று. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பேன். பிறகு எழுத்தை வைத்துக்கொண்டு, காதில் சுருங்கி விழுந்த இடங்களை மட்டும் அடிக்கோடிடுவேன். மூன்றாம் முறை அவர்கள் வேகத்திலேயே வாய்விட்டுக் கூடவே பேசுவேன். மொத்தம் கால் மணி நேரம்தான். அலுப்பான நாளில் முதல் படியோடு நிறுத்திக்கொள்வேன், ஆனால் அதை விடமாட்டேன். ஆங்கி ஒதுக்கும் அட்டைகளை ஒதுக்கவே விட்டேன். அந்தச் சொற்களில் பல பின்னால் ஏதாவது ஓர் உரையாடலில் வந்து தாமாகவே ஒட்டிக்கொண்டன. தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தூங்காத கண்ணுக்கு எந்த மொழியும் ரசிக்காது.

உங்கள் மொழி ஜெர்மனோ கொரியமோ எதுவாக இருந்தாலும், அதில் உங்களுக்குச் சிலிர்ப்புத் தந்த ஒன்றைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எனக்குச் சோர்வு வந்த நாட்களில் அட்டவணையைவிட அந்த நோட்டுதான் உட்கார வைத்தது.

அடுத்த தேர்வில் கேட்டல் தொடங்கியபோது நெஞ்சு முன்பு போலவே படபடத்தது. மூன்றாவதோ நான்காவதோ கேள்வியில் ஒரு பெண் குரல், எதையோ மறந்துவிட்டதாக, “வசுரேச்சத்தா” என்றது. மறந்துட்டேன்! விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பகுதியில் 41 வந்தது.