செயினுக்கு 90 ஆயில்: காட்பாடி–ராணிப்பேட்டை சாலையில் பத்து மாதம்

காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். போக வர ஐம்பது கிலோமீட்டர். வண்டி 150 சிசி. செயினின் மேல்பாதிக்குத்தான் மூடி உண்டு, கீழ்ப்பாதி திறந்தே கிடக்கும். பிப்ரவரியில் ஒருநாள் காலை, திருவலத்தில் பொன்னையாற்றைத் தாண்டும்போது பின்னாலிருந்து கரகரவென்ற ஓசை வந்தது. வேகத்தைக் கூட்டினால் ஓசையும் கூடியது. அன்று மாலையே மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன்.

அவர் பின்சக்கரத்தின் பல்லை விரலால் தடவிக் காட்டினார். ஒவ்வொரு பல்லும் கொக்கிபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. “தம்பி, செயின் செட்டையே மாற்றிவிடுங்கள். செயினை மட்டும் மாற்றினால் இந்தப் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும்” என்றார். “இப்போதுதானே அண்ணா 17,000 ஓடியிருக்கிறது?” என்று கேட்டேன். “எண்ணெய் போட்டால் ஓடும்” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதில் இறக்கிவிட்டது. சர்வீசுக்கு விடும்போதெல்லாம் செயினில் எண்ணெய் மினுமினுப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு எது குறைந்தது?

வீட்டுக்கு வந்ததும் அளந்து பார்த்தேன். என்னுடையது 428 செயின். அந்த எண்ணின் முதல் இலக்கம், கண்ணிகளைக் கோக்கும் ஆணியான ‘பின்’ ஒன்றுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. எட்டில் நான்கு என்றால் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். இருபது கண்ணிக்கு 254 மில்லிமீட்டர் வரவேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் அளவுகோலுக்குள் அடங்கிவிடும் தூரம்தான். செயினை இறுக்கமாக இழுத்துப் பிடித்து அளந்தேன்: 258.5. கிட்டத்தட்ட 1.8 சதவீதம் நீண்டிருந்தது. ஒன்றரை, இரண்டு சதவீதத்தைத் தொட்டுவிட்டால் செயினை மாற்றுவதே முறை. மெக்கானிக் சொன்னது சரிதான்.

உடனே மாற்றவில்லை. எப்படியும் கழற்றப்போகிற செயின் என்பதால், காசில்லாமல் கிடைக்கும் வழிகளை ஒரு மாதம் அதில் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். சும்மாவே போகிற செயினில் பரிசோதனை செய்வதால் நட்டமில்லை.

பழைய என்ஜின் ஆயில்தான் முதல். எந்தப் பட்டறையிலும் டப்பாவில் கருப்பாக நிற்கும். இத்தனை நாளும் என் செயினில் மினுமினுத்தது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு பாட்டிலில் வாங்கிவந்து, பிரஷால் தாராளமாகப் பூசினேன். மறுநாள் ராணிப்பேட்டை போய் இறங்கியபோது ரிம் முழுவதும் கரும்புள்ளிகள். பேண்டின் கீழ்மடிப்பிலும் இரண்டு. மூன்றாம் நாள் செயினைத் தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டியது எண்ணெயே அல்ல, நறநறக்கும் கரிய விழுது. எங்கள் சாலையோர மண் எவ்வளவு நைசானது என்பது இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த மண்ணும், எண்ணெயில் ஏற்கெனவே கலந்திருந்த கரியும் உலோகப் பொடியும் சேர்ந்தால் அராவும் தூள்தான். செயினுக்கு எண்ணெய் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பல்லை அராவிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது கிரீஸ். இதை நான்கு நாளிலேயே நிறுத்திவிட்டேன். செயினின் வெளிப்புறத்தில் அப்பிக்கொண்டு மண்ணைப் பிடிக்கிறதே தவிர, பல்லின்மேல் உட்காரும் உருளைக்குள் இறங்குவதில்லை. ஆனால் கிரீஸை முற்றிலும் ஒதுக்கிப் பேசவும் எனக்கு மனமில்லை. அப்பா ராஜ்தூத் வைத்திருந்த காலத்தில் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பார். பிறகு பழைய பால்பவுடர் டின்னில் கிரீஸை உருக்கி, செயினை அதில் சுருட்டிப் போடுவார். உருகிய கிரீஸ் பின் வரைக்கும் இறங்கும்; ஆறியதும் மேலே இருப்பதைத் துடைத்தெடுத்து மாட்டுவார். முழுக்க மூடிய செயின், உள்ளே ரப்பர் வளையம் இல்லாத செயின். அதற்கு அது மிகச் சரியான வைத்தியம். என் செயினில் ஓ-ரிங் எனும் அந்த ரப்பர் வளையம் இருக்கிறது. அந்தச் செயினைக் கொதிக்கும் கிரீஸில் போட்டால் ரப்பர் போய்விடும்.

இந்த ஓ-ரிங்கைப் புரிந்துகொண்டதும்தான் எனக்குப் பாதிக் குழப்பம் தெளிந்தது. பின்னுக்கும் அதைச் சுற்றியிருக்கும் குழலான புஷ்ஷுக்கும் நடுவே தேவையான கிரீஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்து, இருபுறமும் வளையம் வைத்து மூடிவிடுகிறார்கள். நாம் வெளியிலிருந்து ஊற்றும் எதுவும் அங்கே போகாது, போகவும் வேண்டியதில்லை. நம் வேலை மூன்றுதான்: ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது, புஷ்ஷின்மேல் சுழலும் உருளைக்கும் பல்லுக்கும் எண்ணெய்ப் படலம் கொடுப்பது, தகடு துருப்பிடிக்காமல் காப்பது. இந்த மூன்றுக்கும் நல்ல எண்ணெய் கொஞ்சம் போதும். வளையம் கெட்டு உள்ளேயிருக்கும் கிரீஸ் வெளியேறிவிட்டால், பிறகு எவ்வளவு விலையுள்ள எண்ணெயை ஊற்றினாலும் அந்தச் செயின் திரும்பாது. அதனால்தான் பெட்ரோலில் கழுவக்கூடாது, கம்பிப் பிரஷால் தேய்க்கக்கூடாது, வாட்டர் சர்வீசில் குழாயைச் செயினுக்கு நேராகக் காட்டவிடக் கூடாது. நான் இந்த மூன்றையும் முதல் இரண்டு ஆண்டுகள் செய்திருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் புதுச் செயின் செட் மாட்டினேன். கூலியோடு 1,650 ரூபாய். அன்றே அளந்து குறித்துக்கொண்டேன்: 254.

புதுச் செயினுக்கு நல்லதைத்தான் போடவேண்டும் என்று செயினுக்கென்றே விற்கும் ஸ்பிரே வாங்கினேன். 150 மில்லி டின் 280 ரூபாய். அடிக்கும்போது நீர்போல ஓடி இடுக்கெல்லாம் இறங்குகிறது. கரைப்பான் ஆவியானதும் கெட்டியாகிப் பிடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தால் ரிம்மில் ஒரு துளி தெறிப்பதில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில், வேலூரில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்களிலும் அது வழியவில்லை. நல்ல பொருள், ஐயமில்லை. ஆனால் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அடித்ததில் ஏழு முறையில் டின் தீர்ந்துவிட்டது. ஒரு முறைக்கு 40 ரூபாய். எனக்குப் பத்து நாளுக்கொருமுறை வரும் செலவு. அதைவிட எனக்குப் பிடிக்காதது, நாலைந்து முறைக்குப் பின் தகடுகளின் ஓரத்தில் சேரும் மெழுகு போன்ற அழுக்கு. டீசலில் நனைத்த பிரஷால் அரை மணி நேரம் தேய்த்தால்தான் போகிறது.

இதற்கிடையே யோசனைகளுக்குக் குறைவில்லை. உடன் வேலைசெய்யும் ஒருவர் டபிள்யூடி-40 அடிக்கச் சொன்னார். அந்தப் பெயரிலுள்ள டபிள்யூடி, நீரை விரட்டுவது என்பதன் சுருக்கம். துருப்பிடித்த நட்டைக் கழற்ற, நனைந்த இடத்தை உலர்த்த அருமையான பொருள். ஓடும் செயினில் நிலைக்கிற அளவு கனமில்லை. ஊரிலிருந்து வந்த சித்தப்பா விளக்கெண்ணெய் போடச் சொன்னார். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போட்ட தலைமுறை அவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தாவர எண்ணெய் காற்றும் வெப்பமும் பட்டால் நாளடைவில் பிசினாகிவிடும். அச்சை வாரந்தோறும் துடைத்து மை போட்டவர்களுக்கு அது சரிப்பட்டது.

ஜூன் கடைசியில்தான் 90 ஆயிலுக்கு, அதாவது பல்சக்கரப் பெட்டிகளில் ஊற்றும் கியர் ஆயிலுக்கு, வந்தேன். வழிகாட்டியது மெக்கானிக் அல்ல, ஒரு லாரி ஓட்டுநர். டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, “லாரியின் பின் அச்சிலிருக்கும் கிரவுன் பல்சக்கரத்துக்கு ஊற்றும் ஆயிலையே போடுங்களேன். அத்தனை டன் பாரத்தைத் தாங்குகிற எண்ணெய், உங்கள் செயினைத் தாங்காதா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து வண்டியோடு கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். செயினுக்கு 90 கியர் ஆயில் என்று அதில் அச்சிட்டே இருந்தது! இரண்டு ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த புத்தகம்.

ஒரு லிட்டர் 80டபிள்யூ-90 கியர் ஆயில் வாங்கினேன், 360 ரூபாய். மூடியைத் திறந்தாலே கந்தக நெடி வரும்; பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழியாமலிருக்கச் சேர்க்கும் மருந்தின் வாடை அது. 90 என்றால் என்ஜின் ஆயிலின் 40ஐப்போல இரண்டு மடங்கு கெட்டி என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் எண் போடும் அளவுமுறையே வேறு. கியர் ஆயிலின் 90, என்ஜின் ஆயிலின் 40, 50க்குச் சமமான பிசுக்குதான். ஆகவே, பழைய என்ஜின் ஆயில் தோற்றதற்குக் காரணம் அதன் கெட்டித்தன்மை மட்டுமல்ல. அது சுமந்துவந்த அழுக்கும்தான்.

போடும் முறைக்குத்தான் ஒரு மாதம் பிடித்தது. முதல் தடவை பிரஷால் பூசி, ரிம்மையெல்லாம் நனைத்துவிட்டேன். இரண்டாம் தடவை மருந்துக்கடையில் 10 மில்லி ஊசிக்குழல் ஒன்று வாங்கினேன். மருத்துவமனைகளால் பேர்பெற்ற ஊரில் அதற்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, குழலால் மட்டும் சொட்டுச் சொட்டாக விடலாம்.

இப்போது நான் செய்வது இது. இரவு வீடு திரும்பியதும், செயின் சூடாக இருக்கும்போதே வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு செயினில் துணி பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. துணியைப் பல் இழுத்தால் விரலும் கூடவே போகும். சக்கரத்தைக் கையால் உருட்டினால் போதும், இரண்டு நிமிட வேலை. பனியன் கழிவுத்துணியால் செயினின் நான்கு பக்கமும் துடைக்கிறேன். டயரில் எண்ணெய் படாமலிருக்கப் பின்னால் ஓர் அட்டையைச் செருகிவிட்டு, கீழ்ச்செயினின் மேற்புறத்தில், அதாவது உட்பக்கத்தில், ஒவ்வொரு கண்ணிக்கும் இடத்தில் ஒன்று வலத்தில் ஒன்று என இரண்டு சொட்டு. ஓடும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளியேதான் எறியப்படும். ஆகையால் உட்பக்கம் விட்டது எல்லா இடத்துக்கும் பரவுகிறது, வெளிப்பக்கம் விட்டது ரிம்முக்குப் போகிறது. முழுச் சுற்றுக்கும் சுமார் 10 மில்லி. பத்துச் சுற்று உருட்டிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

காலையில் காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறேன். இதைச் செய்ய மனம் வராது. போட்ட எண்ணெயைத் துடைத்துப் போடுவதா என்று கை தயங்கும். ஆனால் ரிம்மைக் காப்பாற்றியதும், மண் ஒட்டாமல் பார்த்துக்கொண்டதும் இந்தத் துடைப்புதான். சோதிப்பதற்காக ஒரு வாரம் துடைக்காமலும் மறுவாரம் துடைத்தும் ஓட்டினேன். துடைக்காத வாரம், 50 கிலோமீட்டர் முடிவில் ரிம்மைத் துடைத்த வெள்ளைத் துணி கருத்தது. துடைத்த வாரம் இளம் பழுப்பாக நான்கைந்து கோடுகள் மட்டும். தகடு பார்வைக்குக் காய்ந்ததுபோலத் தெரியும். உருளையைத் தொட்டால் விரலில் மெல்லிய பிசுக்கு இருக்கும். அந்த அளவுதான் வேண்டும்.

செலவு ஒரு முறைக்கு நான்கு ரூபாய்க்குள். மூன்று தடவைக்கு ஒருமுறை சிறிது டீசலும் பழைய பல்பிரஷும் கொண்டு கழுவுகிறேன். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவே மேல், இப்போது அதைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம்.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. ஸ்பிரே 500 கிலோமீட்டர் தாங்கியது என்றால் இது 400. மழையில் இன்னும் குறைவு. அக்டோபரில் நான்கு நாள் விடாமல் பெய்தபோது, மூன்றாம் நாளே தகடுகளின் விளிம்பில் செம்பழுப்புத் துரு தலைகாட்டியது. அப்போதிலிருந்து நனைந்து வந்த இரவுகளில் கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. துடைத்து உலரவிட்டு, அரை அளவு விடுகிறேன். வாரக்கணக்கில் தொலைதூரப் பயணம் போகிறவருக்கு, போகிற இடத்தில் ஊசிக்குழலும் துணியுமாக உட்கார முடியாதவருக்கு ஸ்பிரேதான் ஏற்றது என்றே சொல்வேன். ஏலகிரி போனபோது நானே ஒரு சின்ன டின் எடுத்துப்போனேன்.

செயின் மேலும் கீழும் ஆடும் தொய்வையும் சேர்த்தே பார்க்கிறேன். என் வண்டிக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர். ஓர் இடத்தில் மட்டும் அளந்து இறுக்கினால் ஏமாந்துவிடுவோம். சக்கரத்தை உருட்டி நான்கு இடத்தில் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அந்த இடத்துக்குத்தான் அளவு வைக்கவேண்டும். மிகைத் தொய்வைவிட மிகை இறுக்கம் கொடியது, பேரிங்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

நவம்பர் கடைசி ஞாயிறு, புதுச் செயின் 9,600 கிலோமீட்டர் ஓடியபின் அளந்தேன். 254.5, என் அளவுகோலில் அதற்குக் கீழே படிக்க முடியாது. ஏப்ரலிலிருந்து இரண்டே முறைதான் தொய்வு சரிசெய்திருக்கிறேன். பழைய செயினுக்கு மாதம் ஒருமுறை செய்வேன். பற்கள் இன்னும் நேராக நிற்கின்றன. லிட்டர் டப்பாவில் முக்கால் பங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா தன் மொபெட்டுக்கும் இதையே போடலாமா என்று கேட்டிருக்கிறார். அதன் செயினில் ஓ-ரிங் கிடையாது. எண்ணெய் பின் வரைக்கும் இறங்கியாக வேண்டும். கழற்றி, டீசலில் ஓர் இரவு ஊறவைத்து, காயவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கிய 90 ஆயிலில் முக்கி எடுக்கலாம் என்றிருக்கிறேன். கழற்றுவதற்கு முன் அதையும் இருபது கண்ணிக்கு அளந்து குறித்துவைக்க வேண்டும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.