ஜவ்வாது மலைக்கு ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி: தேடலும் சோதனையும்

வேலூரிலிருந்து கிளம்பி ஜவ்வாது மலையின் உட்பகுதிகளில் கூடாரம் அடித்துத் தங்கி வருவதற்கு ஏற்ற, நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சின் விசை போகும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றைத் தேடி, சோதித்து, வாங்கி, மலையில் ஓட்டியும் பார்த்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு ஏறும் தார்ச்சாலைக்கு எந்தச் சிறிய காரும் போதும். தார் முடிந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது: மழை அரித்த மண்பாதை, நடுவில் துருத்தி நிற்கும் பாறை, இருபுறமும் சாமைக் கொல்லை, கடைசியில் ஓர் ஓடை. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம் என்பதால், நாங்கள் தங்குவதெல்லாம் மலைவாழ் விவசாயிகளின் பட்டா நிலத்தில், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான். ஆகவே மூன்று பேரையும் கூடாரத்தையும் இரண்டு நாளுக்கான தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு, அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நடை வேகத்தில் கடக்கக்கூடிய வண்டி கிடைத்தால் போதும் என்று முடிவு செய்தேன். ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல் போவதில்லை என்பதையும் அப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொண்டோம்.

நடை வேகத்தில் பாறை ஏற வேண்டுமானால் லோ கியர் அவசியம். கியர் பெட்டிக்குப் பின்னால் இருந்து இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ், ‘ஃபோர் லோ’ என்ற தாழ்வான நிலையில் சக்கரத்துக்குப் போகும் திருகு விசையை ஏறக்குறைய இரண்டரை மடங்காக்கி, வேகத்தை அதே அளவுக்குக் குறைத்துவிடுகிறது. கிளட்சைப் பாதி மிதித்துத் தேய்க்காமல் ஏறலாம். இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் இஞ்சினின் இழுவையிலேயே இறங்கலாம். ஈரச் செம்மண் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இரண்டாவது பயன்தான் பெரிதாகத் தெரியும். இந்தக் காரணத்தாலேயே ரெனோ டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் வகையைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். நெடுஞ்சாலையில் அது மற்ற எல்லா வண்டிகளையும் விடச் சொகுசானது, முதல் கியரும் தாழ்வானது; ஆனால் அதில் லோ கியர் கிடையாது. கற்கள் நிறைந்த நீண்ட ஏற்றத்தில் கிளட்சு சூடாகும்.

மாருதி ஜிப்சியின் மீது எனக்கு நெடுநாள் ஆசை உண்டு. ஒரு டன்னை ஒட்டிய எடை, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், 1.3 லிட்டர் பெட்ரோல் இஞ்சின் என்று கெடுவதற்கு அதிகம் ஒன்றுமில்லாத வண்டி. சேற்றில் எடை குறைவைவிடப் பெரிய வரம் வேறில்லை. ஆனாலும் சித்திரை மாத வேலூர் வெயிலில் துணிக்கூரைக்குக் கீழே குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டு போவதை நினைத்தபோது ஆசை தணிந்தது. உற்பத்தி நின்ற பிறகு நல்ல நிலையில் உள்ள ஜிப்சிகளுக்கு ரசிகர்கள் சொல்லும் விலையும் என் கைக்கு அடங்கவில்லை. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு அச்சுகளுக்கும் டிஃபரன்சியல் லாக் உண்டு; ஒரு சக்கரம் வழுக்கினாலும் இரண்டையும் சேர்த்தே சுற்ற வைக்கும் பூட்டு அது. மலைக்கு அதைவிடப் பொருத்தமானது இந்த விலையில் இல்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் விற்பனைக்கு வருவதே அரிது. டாடா சஃபாரி ஸ்டார்மும் மகிந்திரா ஸ்கார்ப்பியோவும் இடவசதியில் தாராளமானவை. இரண்டிலும் ஃபோர் வீலுக்கு மாறுவது ஒரு திருகு பொத்தானால், அதாவது மின்மோட்டார் வழியாக. நான் கையால் இழுக்கும் ராடையே விரும்புகிறேன், ஏனெனில் பல் பொருந்தியதா இல்லையா என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். டொயோட்டா ஃபார்ச்சூனரைப் பற்றி, விலையைக் கேட்டுவிட்டு வந்தேன் என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மிஞ்சியது 2020க்கு முந்தைய மகிந்திரா தார், சி.ஆர்.டி.இ. எனப்படும் காமன் ரெயில் டீசல் இஞ்சின் உள்ள வகை. 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன், கையால் மாற்றும் டிரான்ஸ்பர் கேஸ். 2015இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, பின் அச்சில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றத் தொடங்கினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்சியலும் சேர்ந்தது. நெடுஞ்சாலையில் அதன் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் முதுகெலும்பைக் கேள்வி கேட்கும். பின்னிருக்கையோ பக்கவாட்டில் பார்த்த பலகை. இருந்தும், பொலேரோவும் பிக்கப்பும் பழுது பார்க்கிற எந்தப் பட்டறையிலும் இந்த வண்டியைக் கண்டு மிரள மாட்டார்கள் என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய வாதம். மலையடிவாரத்தில் வண்டி நின்றுபோனால் ஒடுகத்தூரிலோ போளூரிலோ ஒருவர் கை வைக்கத் துணிய வேண்டும்.

மாடலைத் தீர்மானிப்பது எளிய பகுதி. நேரில் பார்க்கத் தொடங்கியதும் வேறொரு உண்மை தெரிந்தது. விற்பனைக்கு வரும் ஃபோர் வீல் வண்டிகளில் பல, ஃபோர் வீலைப் போட்டே பார்க்காத வண்டிகள். சென்னையிலும் பெங்களூரிலும் அலுவலகத்துக்குப் போய்வந்த வண்டியின் உடல் பளபளக்கும், கிலோமீட்டரும் குறைவாக இருக்கும். ஆனால் பல ஆண்டுகள் அசையாத ராடு துருப்பிடித்து இறுகியிருக்கும், முன் அச்சின் ஆயில் சீல் காய்ந்திருக்கும், ஆயிலை மாற்றிய குறிப்பே இருக்காது. மலையில் அடிபட்ட வண்டியைக் கண்டு பலரும் பயப்படுகிறார்கள். என் மதிப்பீட்டில், அளவாகப் பயன்படுத்திப் பராமரித்த தோட்டக்காரரின் கீறல் விழுந்த வண்டி, ஷோரூம் போல வைத்திருந்த நகரத்து வண்டியைவிட நம்பத்தக்கது. வாணியம்பாடிப் பக்கம் பார்த்த ஒரு வண்டியில் என்னுடன் வந்த மெக்கானிக் ராடைப் பிடித்து இரண்டு முறை இழுத்துவிட்டு, “தம்பி, இது வாங்குன நாள்லருந்து யாரும் தொடல” என்றார். விற்பவரோ அதையே வண்டியின் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே சோதனையின் முதற்பகுதி முழுவதையும் ஃபோர் வீலுக்கே ஒதுக்கினேன். வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டிக் காட்டுவதோடு விற்பவர்கள் முடிக்கப் பார்ப்பார்கள். கல்லும் மண்ணும் கலந்த காலி இடத்துக்கு வரச் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு ஃபோர் லோவுக்கு மாற்றி, முதல் கியரில் கால் எடுத்துவிட்டால் வண்டி தானாக ஊர்ந்து செல்ல வேண்டும். ராடு வெளியே துள்ளிவிடக் கூடாது. அடுத்து, வேகம் குறையாத ஃபோர் வீல் நிலையான ஃபோர் ஹையில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து ஒரு சிறிய வட்டம் அடிக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் டிஃபரன்சியல் இல்லை; திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், ஷாஃப்டுகளில் முறுக்கம் ஏறி, ஸ்டியரிங் கனத்து, வண்டி இறுகிப் பிடிப்பது போல் தோன்றும். அந்த இறுக்கம் வந்தால்தான் முன் அச்சு உண்மையில் இயங்குகிறது என்று பொருள். எதுவுமே மாறாமல் வட்டம் அழகாக முடிந்தால், ஃபோர் வீல் விளக்கு எரிந்தாலும் முன் சக்கரத்துக்கு விசை போகவில்லை. இதே காரணத்தால்தான் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டக் கூடாது.

பிறகு அடியில் படுக்க வேண்டும். முன், பின் அச்சுகளின் ஆயில் அடைப்பைத் திறந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், அது பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அடைப்பின் காந்தத்தில் மாவு போன்ற மெல்லிய படிவு இயல்பு. விரல் நுனிக்குத் தட்டுப்படும் துணுக்குகள் இருந்தால் அச்சுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுனின் பல் உடைந்துகொண்டிருக்கிறது. அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருகி, அதன் மூட்டான ஜாயின்ட் கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முன் சக்கரத்து ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்றும். சேஸிஸில் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் புது வெல்டிங், புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்ட் ஆகியவை தெரிந்தால் நான் பேரமே பேசுவதில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னொரு அச்சம். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையிலும், 2021 நவம்பரில் பாலாற்றங்கரையிலும் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அழுக்குக் கோடு தெரிகிறதா, இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, தரைவிரிப்புக்குக் கீழே வண்டல் மண் இருக்கிறதா என்று பார்ப்பேன். இஞ்சினை முதல்முறை காலையில், குளிர்ந்த நிலையில் நானே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவேன். போனதும் பானட்டின் மீது கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவேன்.

காகிதங்களைப் பொறுத்தவரை, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடுவது, கடன் இருந்தால் வங்கியின் படிவம் 35 வாங்குவது, படிவம் 29, 30 கையெழுத்து ஆகியவை வழக்கமானவை. டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டதால் அங்கிருந்து மலிவு விலையில் வரும் வண்டிகளைக் காட்டிப் புரோக்கர்கள் ஆசை காட்டுவார்கள். தடையின்மைச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி எல்லாம் கூட்டினால் மலிவு கரைந்துவிடுகிறது. பதிவு முடிய எத்தனை ஆண்டு மீதம் என்பதையும் விலையில் சேர்த்தே பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000 ஆகியது, அதற்கு மேல் பசுமை வரியும் எஃப்.சி. செலவும் உண்டு. பம்பருக்கு முன்னால் பெரிய இரும்புச் சட்டம் பொருத்திய வண்டிகள் மிடுக்காகத் தெரிந்தாலும், 2017 இறுதியில் அரசு அவற்றைத் தடை செய்துவிட்டது என்பதால் அதற்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

கடைசியில் கண்ணமங்கலம் பக்கத்து மாந்தோப்பு உரிமையாளர் ஒருவரிடமிருந்து 2016ஆம் ஆண்டுத் தார் ஒன்றை வாங்கினேன். கதவில் கீறல்கள், கிழிந்த இருக்கை உறை, மங்கிய பெயிண்ட். ஆனால் ராடு விரலுக்கு இசைந்தது, அச்சுகளின் ஆயிலும் தெளிவாக இருந்தது, அவர் எழுதி வைத்திருந்த நோட்டில் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதியோடு இருந்தது. அந்த நோட்டுக்காகவே அவர் கேட்ட விலையில் அதிகம் குறைக்கச் சொல்லவில்லை.

வாங்கியதும் செய்த வேலைகளில் முக்கியமானது அச்சுகளுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை நீட்டியது. ஓடி ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஓடை நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பால் நிற ஆயிலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குழாயை இஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் அச்சு காற்றையே இழுக்கும். செலவு சில நூறு ரூபாய்தான். டயர்களை, ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் ஒரே அளவில், ஒரே வகையில் மாற்றினேன். ஒரு டயர் தேய்ந்தும் மற்றொன்று புதிதாகவும் இருந்தால் அந்த வித்தியாசமே டிரான்ஸ்பர் கேஸைத் தின்னும். கூரையில் கேரியர் வைக்கவில்லை. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு சாய்வான பாதையில் போவதைவிட, ஒரு பக்கப் பலகையை மடித்துவிட்டுத் தரையில் கட்டி வைப்பது பாதுகாப்பு. மகன் மற்றப் பலகையில் கால் நீட்ட இடமில்லை என்று முணுமுணுக்கிறான்.

மலையில் ஓட்டிப் பார்த்தபோது அதிக வேறுபாட்டைக் காட்டியது டயர் காற்று. சாலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்திருந்ததைத் தார்ச்சாலை முடியும் இடத்தில் 20க்குக் குறைத்ததும், அதே கல் ஏற்றத்தில் துள்ளிக்கொண்டிருந்த வண்டி கல்லைக் கவ்விக்கொண்டு ஏறியது. ஃபோர் லோவில், இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டாலே போதுமாக இருந்தது. திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் சிறிய மின் பம்பால் காற்றை நிரப்பிக்கொள்ளாமல் வேகமாகப் போகக் கூடாது. குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் சூடேறிப் பிரியும். மீட்புக் கயிறும், அதை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளும் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் வண்டியின் பின்பக்கத்தில் அவற்றை மாட்டத் தக்க உறுதியான கொக்கி இன்னும் பொருத்தவில்லை. பட்டறைக்காரர் சேஸிஸில் துளை போடாமல் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளிலேயே பொருத்த ஒரு தகடு வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அது கைக்கு வந்துவிட்டால், ஓடையைத் தாண்டிய நிலத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம்.