சோலார் போடுவதற்கு முன்னால் ஈ.பி. கார்டைக் கையில் எடுங்கள்

மொட்டை மாடியில் பேனல் ஏற்றுவது இரண்டு நாள் வேலை. மாதக்கணக்கில் இழுப்பது அதற்கு முன்னும் பின்னும் வரும் காகித வேலைதான். அதில் பாதிச் சிக்கல் ஈ.பி. கார்டிலேயே எழுதியிருக்கும். விண்ணப்பம் போடுகிற நாள்வரை யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை.

முதலில் பெயர். வீடு அப்பா பேரில், கார்டு தாத்தா பேரில், வங்கிக் கணக்கு மகன் பேரில் என்று இருக்கிற குடும்பங்கள் ஏராளம். வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தின் இணையதளத்தில் சர்வீஸ் நம்பரைப் போட்டதும் கார்டில் உள்ள பெயர்தான் வந்து நிற்கும். மானியம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கும் அந்தப் பெயருக்கே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னே பின்னே இருந்தால்கூட இடிக்கும். எனவே முதல் வேலை பெயர் மாற்றம்: பத்திர நகல், சொத்துவரி ரசீது, கார்டுக்காரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும். சோலார் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு நடுவில் பெயர் மாற்றப் போனால் இரண்டும் தொங்கும்.

அடுத்தது டாரிஃப், அதாவது கட்டணப் பிரிவு. மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், அதாவது 1ஏ. முன்புற அறையில் கடை வைத்து அதே மீட்டரில் கமர்ஷியல் டாரிஃப் ஓடிக்கொண்டிருந்தால் மானியம் கிடையாது. கீழ் வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என இரண்டு மீட்டர் இருந்தால், சோலார் எந்த மீட்டரோடு சேர்கிறதோ அந்த பில் மட்டும்தான் குறையும். அதிகம் ஓடுகிற மீட்டர் எது என்று ஒரு வருட பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, அனுமதிக்கப்பட்ட லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் ஒதுக்கியிருக்கும் கிலோவாட் அளவு. பழைய வீடுகளில் ஒன்று, ஒன்றரை கிலோவாட்தான் இருக்கும். 10 கிலோவாட் வரையிலான வீட்டுக் கூரை சோலாருக்குத் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, விண்ணப்பத்தை ஏற்றதாகவே கருத வேண்டும் என்று மத்திய அரசு 2024-இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. இருந்தாலும் 3 கிலோவாட் சோலார் கேட்பவரின் கார்டில் 1.5 என்று இருந்தால் லோடு கணக்கு எப்படியும் வந்து நிற்கும். முன்கூட்டியே ஏற்றி வைப்பது நல்லது.

சரி, எத்தனை கிலோவாட்? மானியத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அவ்வளவுதான். இதனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 3 கிலோவாட் என்கிறார்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் சுமார் 720. இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது தேவையே இல்லை. 800, 900 ஓடும் ஏசி வீட்டுக்குக் கச்சிதம். ஏனென்றால் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே விலை கூடிவிடும். சோலார் முதலில் வெட்டுவது அந்த மேல்படி யூனிட்டுகளைத்தான்.

இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, அதுவும் நிழல் விழாத இடம். தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் தெற்கில் இருந்தால் கவனம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சென்னையில் 6 அடி உயரத் தொட்டி நண்பகலிலேயே வடக்கே நாலரை அடிக்கு நிழல் போடும், காலை ஒன்பது மணிக்கு அது இன்னும் நீளம். பேனல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே இழுத்துவிடும். மார்ச்சில் வந்து அளந்துவிட்டு "நிழலே இல்லை சார்" என்பார்கள். டிசம்பரைக் கேளுங்கள்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டிய முதல் சொல் டி.சி.ஆர்., அதாவது உள்நாட்டுத் தயாரிப்பு நிபந்தனை. பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். டி.சி.ஆர். அல்லாத பேனல் விலை குறைவு. அதைப் பொருத்திவிட்டு மானியத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டும் கொட்டேஷன்கள் உண்டு. பேனல் மாடல், ஒவ்வொரு பேனலின் சீரியல் நம்பர், டி.சி.ஆர். சான்று தருவதாக எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் இணையதளத்தில் பதிவான விற்பனையாளர்தானா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். இணையதளத்தில் விண்ணப்பிக்காமல் முதலில் பேனலை ஏற்றி, பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது.

பொருத்தும் நாளில் மாடியில் நிற்பவர்களைவிட பேனலின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் பெட்டிக்கு வரும் ஏ.சி. கேபிளைக் கவனியுங்கள். அங்கேதான் கஞ்சத்தனம் நடக்கும். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு வெயிலில் 13 ஆம்பியர் தள்ளும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்கு 40 மீட்டர் என்றால், 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் சுமார் 8 வோல்ட் விழும்; 6 சதுர மி.மீ.யில் மூன்றரைக்குள் முடியும். இங்கே மின்சாரம் வீட்டிலிருந்து வெளியே போகிறது, அதனால் விழும் வோல்ட் அத்தனையும் இன்வெர்ட்டர் பக்கம் ஏறி நிற்கும். லைனில் ஏற்கெனவே 245 இருந்தால் இன்வெர்ட்டர் 253-ஐப் பார்க்கும். அமைத்திருக்கும் வரம்பைத் தொட்டால் தானே நின்றுகொள்ளும். ஞாயிறு மத்தியானம், நல்ல வெயில், தெருவில் லோடு இல்லை, இன்வெர்ட்டரில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று சிவப்பு விளக்கு. பேனலைக் குறை சொல்லிப் பயனில்லை. தடித்த கேபிள் போட்டும் தொடர்ந்தால், ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் அமைப்பைப் பார்க்கச் சொல்லி செக்ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எர்த் மூன்று தனித்தனியாக வேண்டும்: பேனல் சட்டத்துக்கும் டி.சி. பெட்டிக்கும் ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. இடிதாங்கியை மற்ற எர்த் குழியோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தால் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பேனல் இணைப்பியில் ஆண், பெண் இரண்டும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். கலந்து மாட்டியவைதான் ஓராண்டு கழித்துச் சூடேறிக் கருகும்.

வேலை முடிந்ததும் விற்பனையாளர் படங்களையும் சீரியல் நம்பர்களையும் ஏற்றுவார். உரிமையாளர் பேனலோடு நிற்கும் படமும் அதில் உண்டு. சீரியலில் ஓர் எழுத்து தவறினாலும் திரும்பி வரும். அனுப்பும் முன் நீங்களே ஒரு முறை ஒப்பிடுங்கள். பிறகு நெட் மீட்டர் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்), ஒப்பந்தம், அதிகாரியின் ஆய்வு, இயக்கச் சான்று. கடைசியில் வங்கி விவரம் கொடுத்து மானியம் கேட்க வேண்டும். அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் பெரிய பொறி. பேனல் தயார், நெட் மீட்டர் வரவில்லை. "சும்மா ஆன் பண்ணி விடுங்க, வீட்டுக்காவது ஓடட்டும்" என்பார்கள். பண்ணாதீர்கள். பழைய ஸ்டாட்டிக் மீட்டர்களில் பலவற்றுக்குத் திசை தெரியாது. வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். நீங்கள் கொடுத்த மின்சாரத்துக்கு நீங்களே காசு கட்டுவீர்கள். அனுமதியில்லாமல் லைனுக்குள் மின்சாரம் அனுப்புவது கம்பத்தில் வேலை செய்பவருக்கும் ஆபத்து.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். அதே கம்பத்து மனிதரின் உயிருக்காகத்தான் இன்வெர்ட்டர் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. கரண்ட் போனபோதும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், அதற்குச் செலவு தனி.

நெட் மீட்டர் வந்த பிறகு அடிக்கடி வரும் புகார்: "சோலார் ஆப்பில் 700 யூனிட் காட்டுது, மீட்டரில் 430தான் ஏறியிருக்கு, மீதி எங்கே?" மீதி 270 உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் மோட்டாரும் பகலிலேயே தின்றது, அது மீட்டரைத் தொடவே இல்லை. மீட்டரில் இரண்டு எண்ணைத்தான் பார்க்க வேண்டும், பல மீட்டர்களில் 1.8.0 என்றால் உள்ளே வந்தது, 2.8.0 என்றால் வெளியே போனது. உள்ளே 520, வெளியே 430 என்றால் பில் 90 யூனிட்டுக்கு. வீடு உண்மையில் செலவழித்தது 790.