கால்மிதியைத் தூக்கிப் பார்க்காத மெக்கானிக்

மாலை நெரிசலில், கத்திப்பாரா மேம்பாலத்தின் மேல், கிளட்ச் பெடலை மிதித்தேன். போனது, திரும்பி வரவில்லை. ஷூ முனையைக் கொக்கியாக்கிப் பெடலை மேலே இழுத்து இழுத்து, இரண்டாவது கியரிலேயே ஆதம்பாக்கம் வரை ஊர்ந்து வந்தேன். பின்னாலிருந்து கேட்ட ஹாரன்களையும் வசவுகளையும் இங்கே எழுத முடியாது.

தெருமுனை மெக்கானிக் பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். "கிளட்ச் பிளேட் போய்விட்டது சார். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 12,000 ஆகும்" என்றார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. பிளேட் தேய்ந்தால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. என் வண்டியிலோ வண்டி நகர்ந்தது, வேறு கியர்தான் விழவில்லை. சந்தேகப்பட்டு, பெடலுக்குக் கீழே விரித்திருந்த கால்மிதியைத் தூக்கினேன். அடியில் பிரேக் ஆயில் ஊறிக் கிடந்தது. பெடல் கம்பி வழியாக மேலேயிருந்து கசிவு. பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி கிளட்ச்சுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான்!

மச்சான் புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்றான். ரப்பரை நம்பி இயங்கும் பொருளைப் பழையதாக வாங்குவதும் ஒன்றுதான், வாங்காமல் இருப்பதும் ஒன்றுதான். மெட்ரோ ஏறி, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். மாடலையும் வருடத்தையும் சொன்னேன், புது சிலிண்டரை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் பைப் மாட்டும் வாய் எதிர்ப்பக்கம்! பழையதைக் கழற்றி, பையில் போட்டுக்கொண்டு மறுநாள் மறுபடியும் போனேன். முதல் தடவையே அப்படிப் போயிருக்க வேண்டும். பழைய சிலிண்டரின் மேல் பொறித்திருந்த அளவைப் பார்த்த கடைக்காரர், சற்று முனகிவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

கழற்றுவது இரண்டு நட், ஒரு பைப், ஒரு பின். ஆனால் அந்தப் பின்னைப் பிடித்திருக்கும் கிளிப் இருக்கிறதே! ஸ்டீயரிங்குக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து நெம்பியபோது எங்கோ தெறித்தது. அரை மணி நேரம் தேடினேன். என் சட்டைப் பையில் இருந்தது. பைப் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகாதீர்கள், முனை மழுங்கிவிடும். அதற்கென்றே ஃப்ளேர் ஸ்பேனர் இருக்கிறது.

உண்மையான சோதனை ஏர் எடுப்பதில்தான், அதாவது ஆயில் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதில். மனைவி பெடலில், நான் வண்டிக்கு அடியில், அந்த ஆயிலின் அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில், காற்றை வெளியே விடும் நிப்பிளில். "மிதி, பிடித்துக்கொள், விடு." நிப்பிளை மூடும் முன் பெடலை விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். இதை மூன்று முறை விளக்கியதில் எங்கள் இருவருக்கும் இடையே பேச்சு நின்றுபோனது. ஒரு மணி நேரம் கழித்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. தவறு என்னுடையதுதான்: புதிய சிலிண்டரைக் காலியாகவே பூட்டியிருந்தேன். மறுபடியும் கழற்றி, கையில் பிடித்தபடியே ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை தண்டை மெல்ல அழுத்தி எடுத்துவிட்டுப் பூட்டினேன். பத்தே மிதியில் பெடல் கல்லாக நின்றது. என் வண்டியில் பிரேக்குக்கும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. அது வற்றாமல் பார்த்து ஊற்றும் வேலையை மச்சானிடம் கொடுத்திருந்தேன்.

மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது, இரண்டு மெட்ரோ பயணங்களும் சேர்த்து. மச்சான் ஊற்றும்போது கொஞ்சம் ஆயில் முன்சக்கரத்துக்கு மேலே சிந்தியிருக்கிறது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. காலையில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது. மாடி வீட்டு மாமா குனிந்து பார்த்துவிட்டு, "எங்கே இடித்தீர்கள்?" என்று கேட்டார்.