பக்கத்தில் நின்றவர்

"யார் செய்தது?" இருபத்திரண்டு வருஷம் என் வேலையில் முதல் கேள்வி இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெர்சனல் பிரிவில் இருந்தேன். லீவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று நாள் ஓடும். உற்பத்தி நடக்கும் ஷாப்பில் ஏதாவது தப்பு நடந்துவிட்டால், முதலில் போய் விசாரித்து முதற்கட்ட அறிக்கை எழுதுவதும் நான்தான். அதில் யார் பெயர் வருகிறதோ அவருக்குத்தான் சார்ஜ் ஷீட் போகும். பெயர் வராதவரை அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. சார்ஜ் ஷீட் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதால் அறிக்கையையும் தமிழிலேயே எழுதுவோம்.

2012 மார்ச் கடைசி வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வருஷக் கணக்கு முடிகிற நேரம், டெஸ்பாட்ச்சில் லாரி நின்றுகொண்டிருந்தது. சீல் வளையங்களில் ஒரு லாட் மட்டும் மஞ்சள் டேக் போட்டு, அனுப்பாமல் ஹோல்டில் நிறுத்தப்பட்டிருந்தது. கடினத்தன்மை எழுபதுக்கு ஐந்து கூடலாம், குறையலாம். அந்த லாட் எழுபத்தேழு, எழுபத்தெட்டு என்று காட்டியது. ரப்பர் அவ்வளவு இறுகிவிட்டால் சீல் சரியாகப் படியாது, எண்ணெய் கசியும். நைட் ஷிப்டில் இருந்த குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன பெண். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருவாள். அன்றிரவு அவள் டேக்கை எடுத்து, பாஸ் என்று கையெழுத்துப் போட்டாள். லாட் போனது. பத்து நாளில் கஸ்டமரிடமிருந்து முழுக்கத் திரும்பி வந்தது, கூடவே அதற்கான பணத்தைக் கழித்துக்கொள்ளும் டெபிட் நோட்டும்.

விசாரிக்கப் போனேன். ஷிப்ட் இன்-சார்ஜ் சொன்னது இது: "அந்தம்மா டேக்கை எடுத்துட்டு பாஸ்னு குடுத்தாங்க, நான் லோடு ஏத்தினேன்." அவள் சொன்னது: "இன்-சார்ஜ் சார் கேட்டாரு, நான் போட்டேன்." லோடிங்கில் இருந்த ஹெல்ப்பர் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "சாரும் அங்கதான் சார் நின்னுட்டிருந்தாரு. அக்கா டேக்கை அவுக்கும்போது லாரிக்காரனைப் பார்த்து அஞ்சு நிமிஷம்னு கை காட்டினாரு."

இதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அறிக்கையில் எழுதவில்லை. டைப் அடிக்கும்போது எங்கள் டைப்பிஸ்ட் அந்த வரியில் நிறுத்தி, "இது வேணுமா சார்?" என்று கேட்டார். "குற்றச்சாட்டுக்கு அது சம்பந்தமில்லம்மா, விட்டுடுங்க" என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை. இன்-சார்ஜ் பதினான்கு வருஷ சர்வீஸ், நாளைக்கும் முகத்தைப் பார்க்க வேண்டிய மனிதர். அவள் புரொபேஷனர், வேலை இன்னும் நிரந்தரமாகாதவள். கை தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அறிக்கையில் நின்ற வாக்கியம் இன்னும் எனக்கு மனப்பாடம்: 'ஆய்வாளர் ஹோல்டு டேக்கை அகற்றி, கையொப்பமிட்டு, ஷிப்ட் இன்-சார்ஜிடம் கொடுத்தார், அவரும் லோடு ஏற்ற அனுமதித்தார்.'

பொய் என்று அதில் ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் அதைப் படிக்கிற யாருக்கும், அவர் வேறெங்கோ இருந்தார், இவள் தனியாக எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்றுதான் தோன்றும். இன்-சார்ஜ் சொன்னது சாட்சி ஆயிற்று, அவள் சொன்னது சாக்கு ஆயிற்று. "செஞ்சதையும் செஞ்சுட்டு அடுத்தவன் மேல பழி போடறா பாருங்க" என்று மேலே இருந்தவர் சொன்னபோது நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். இன்-சார்ஜுக்கு வாய்மொழியாக ஒரு எச்சரிக்கை. சர்வீஸ் ரெக்கார்டு கெடாமல் இருக்க ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடும்படி அவளுக்குச் சொல்லப்பட்டது. எழுதிக் கொடுத்தாள்.

அதே வருஷம் ஆகஸ்டில், உள்விசாரணை நடத்துவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சிக்கு என்னை கிண்டிக்கு அனுப்பினார்கள். வகுப்பு எடுத்தவர் ஹைகோர்ட் வக்கீல். மறுதரப்பைக் கேட்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்ற இயற்கை நீதிக் கோட்பாட்டுக்கு அவர் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பென்ட்லி என்ற அறிஞரிடம் விளக்கம் கேட்காமலே அவர் பட்டங்களைப் பறித்துவிட்டது. 1723இல் நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அப்போது நீதிபதி ஃபோர்டெஸ்கியூ பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை மேற்கோள் காட்டினாராம்: கடவுள்கூட ஆதாமை அழைத்து, நீ எங்கே இருக்கிறாய், புசிக்க வேண்டாம் என்ற மரத்தின் கனியைப் புசித்தாயோ என்று கேட்ட பிறகுதான் தீர்ப்புச் சொன்னார், அதே கேள்வி ஏவாளிடமும் கேட்கப்பட்டது. நம் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ண ஐயரும் இயற்கை நீதியைப் பற்றி எழுதும்போது ஆதாம் காலத்தையும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தையும் சேர்த்தே சொன்னார் என்றார் வக்கீல்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் பிறந்து வளர்ந்தவன், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு அந்த அதிகாரத்தைப் பல வருஷம் சொல்லிக் கொடுத்தவன். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது டைப்பிஸ்ட்டிடம் இதைச் சொன்னேன். பெரம்பூர்க்காரர், கத்தோலிக்கர், லூர்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். மெதுவாகப் பேசுபவர். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு பேர்கிட்டயும் கேட்டாருன்னு சொல்றீங்க சார். நாமளும் கேட்டோம். ஆனா இன்-சார்ஜ் சார் பக்கத்துலயே நின்னாருங்கறதை நாம எழுதலையே."

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். "எங்க பைபிள்ல ஏவாள் கூடவே அவன் இருந்தான்னுதான் சார் போட்டிருக்கு."

"இல்லம்மா, அவ தனியா இருக்கும்போதுதான் பாம்பு வந்துச்சு" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் தொங்கிய படத்தில் அவள் தனியாகத்தான் மரத்தடியில் நிற்பாள்.

மறுநாள் திருவிவிலியத்தை ஹேண்ட்பேக்கில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். கத்தோலிக்கர்கள் வாசிக்கும் அந்த மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. தொடக்கநூல் (நாங்கள் ஆதியாகமம் என்பது) மூன்றாம் அதிகாரம், ஆறாம் வசனம்: 'தன்னுடனிருந்த தன் கணவனுக்கும் கொடுத்தாள்.' வீட்டுக்கு வந்து, அப்பா காலத்துப் பைபிளை எடுத்தேன். 1871இல் பவர் ஐயர் என்ற பாதிரியார் தலைமையில் வந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது அது; நான் மனப்பாடம் செய்து வளர்ந்த தமிழ். அதே வசனம்: 'அதின் கனியைப் பறித்து, புசித்து, தன் புருஷனுக்கும் கொடுத்தாள், அவனும் புசித்தான்.'

அகற்றி, கையொப்பமிட்டு, கொடுத்தார், அவரும் அனுமதித்தார். வாக்கியத்தின் நடைகூட அதுவேதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கீழ்ப்பாக்கம் குருகுலம் இறையியல் கல்லூரியில் எபிரெயம் படித்த ஆயர் ஒருவரைத் தேடிப் போனேன். மூலத்தில் 'இம்மாஹ்' என்று ஒற்றைச் சொல் இருக்கிறது, 'அவளோடு' என்று அர்த்தம், அவளோடு இருந்த புருஷனுக்குக் கொடுத்தாள் என்றார். லத்தீனில் பெயர்த்த ஜெரோம் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது. 1952இல் வந்த இன்னொன்றில் காணாமல் போய், 1989 திருத்தத்தில் திரும்பி வந்தது. நம் பழைய தமிழில் ஏன் இல்லாமல் போயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'அவளோடு' என்பதைக் கதை முழுக்க அவன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்று எடுக்க வேண்டியதில்லை, கொடுக்கும் நேரத்தில் இருந்தான் என்பதே போதும் என்று வாதிடுவோரும் உண்டு என்றார். அதையும் இங்கே சொல்வதுதான் நியாயம். ஆனால் அவர் காட்டிய இன்னொரு விஷயம் என்னை விடவில்லை. பாம்பு பேசும்போது பன்மையில்தான் பேசுகிறது. 'நீங்கள் சாகவே சாவதில்லை' என்று நம் தமிழிலும் பன்மை இருக்கிறது. சின்ன வயதில், பாம்பு ஏவாளை மரியாதையாகக் கூப்பிடுகிறது என்றே நினைத்திருந்தேன். தமிழில் 'நீங்கள்' ஒருவருக்கும் வரும், இருவருக்கும் வரும். எபிரெயத்தில் அந்தக் குழப்பம் இல்லையாம்.

பிறகு நானே இரண்டாம் அதிகாரத்துக்குப் போனேன், கோப்பைத் திறந்து தேதிகளை வரிசையாகப் பார்ப்பதுபோல. புசிக்க வேண்டாம் என்ற விலக்கு சொல்லப்படுவது 16, 17ஆம் வசனங்களில். பெண் உருவாக்கப்படுவது 22இல். அதாவது கட்டளை நேராகப் போனது ஆணுக்கு மட்டும்தான். அவள் காதுக்கு யார் கொண்டுசேர்த்தார்கள் என்று கதை சொல்லவில்லை. பாம்புக்குப் பதில் சொல்லும்போது அவள் 'புசிக்கவும் அதைத் தொடவும் வேண்டாம்' என்கிறாள். தொடவும் என்பது முதல் கட்டளையில் கிடையாது. அந்தக் கூடுதல் சொல்லை ஆதாம்தான் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தான் என்று யூத மத குருக்களான ரபிகளின் பழைய விளக்கம் ஒன்று உண்டு. பெர்சனல் பிரிவில் இருந்தவனுக்கு இது உடனே புரியும். எங்கள் இன்ஸ்பெக்டருக்கு ஹோல்டு டேக்கை யார் நீக்கலாம், யார் கையெழுத்து வேண்டும் என்ற விதிமுறையில் பயிற்சி கொடுத்ததற்கு ரெஜிஸ்டரில் கையெழுத்தே இல்லை. கொடுக்க வேண்டியவர் அந்த இன்-சார்ஜ்தான். அந்த ரெஜிஸ்டரை நான் அன்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் செய்தது தப்பில்லை என்று நான் சொல்லவரவில்லை. எண்ணைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். கதையிலும் அவள் 'நான் புசித்தேன்' என்கிறாள். அவனும் அதே சொல்லைச் சொல்கிறான். ஆனால் அதற்கு முன்னால் அவன் சேர்க்கிற வாசகம் இருக்கிறதே: 'என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்.' ஒரே மூச்சில் பழி பெண் மேலும் போகிறது, பெண்ணைத் தந்தவர் மேலும் போகிறது. என்னுடனே என்ற சொல்லை அங்கே அவனே சொல்லிவிடுகிறான். அவனைப் பொறுத்தவரை கூட இருப்பது அவள் கடமை. தான் அவள் கூட நின்றது அவன் வாயில் வரவே இல்லை.

பிரசங்கங்களில் 'பெண்ணுக்குக் கிடைத்த சாபம்' என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். வசனத்தில் சபிக்கப்பட்டது என்ற சொல் இரண்டு இடத்தில்தான் வருகிறது: பாம்புக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று. வேதனையும் வியர்வையும் அவர்களுக்குச் சொல்லப்படுகின்றன, சாபம் என்ற சொல் இருவருக்குமே சொல்லப்படவில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், பாவம் ஒரே மனுஷனாலே வந்தது என்று இருக்கிறது, அங்கே ஏவாள் பெயரே கிடையாது. தீமோத்தேயுவுக்கு எழுதியதில் ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை, ஸ்திரீயே வஞ்சிக்கப்பட்டாள் என்று இருக்கிறது. கல்யாண மேடைகளில் நான் கேட்டதெல்லாம் இரண்டாவதுதான். வஞ்சிக்கப்படாமல், தெரிந்தே வாங்கிச் சாப்பிட்டவன் எப்படிக் குறைந்த குற்றவாளி ஆனான் என்று நான் அறுபது வயதை நெருங்கும்வரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எழுதிய அறிக்கைகளில் என் கேள்விகளின் வரிசையை மாற்றினேன். 'அந்த நேரத்தில் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள்?' என்று முதலில் கேட்டு, ஒவ்வொருவரும் எத்தனை அடி தூரத்தில் நின்றார்கள் என்று வரைந்துகொள்வேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பழைய கோப்பில் ஹெல்ப்பர் சொன்னதை என் கைப்பட எழுதி, தேதி போட்டு இணைத்தேன். முடிந்த கேஸ், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். ஆனால் அந்தத் தாளை எடுக்கச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் நம்பர் பயோடேட்டாவில் இருந்தது. கூப்பிடுவதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில் இருந்தாள், ஆபரேட்டராக. இன்ஸ்பெக்டர் வேலை கிடைக்கவில்லை போலும். நடந்ததைச் சொன்னேன்: ஹெல்ப்பர் சொன்னதை எழுதாமல் விட்டது நான்தான், யாரும் சொல்லி அல்ல என்று.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த அண்ணன் சொன்னாரா சார்? அவரு பேர்கூட எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு, "இன்-சார்ஜ் சார் இன்னும் அங்கதான் இருக்காரா?"

"இருக்காரும்மா. இப்ப அசிஸ்டென்ட் மேனேஜர்."

"சரி சார். பெல் அடிச்சிட்டாங்க, லைன்ல நிக்கணும். வெச்சிடறேன்."