திருட்டுப் போன லேப்டாப்பும் அதன் சீரியல் நம்பரும்

தம்பியின் லேப்டாப் ரயிலில் திருட்டுப் போய்த் திரும்பக் கிடைத்ததிலிருந்து, "ஜிபிஎஸ் வைத்துப் பிடித்தீர்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான லேப்டாப்பில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. விண்டோஸின் 'ஃபைண்ட் மை டிவைஸ்' அக்கம்பக்கத்து வைஃபைகளை வைத்துத்தான் இடத்தை ஊகிக்கிறது, அதுவும் யாராவது நெட்டில் இணைத்தால்தான் நமக்குத் தெரியவரும். தம்பி மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்தபோது, திருட்டுக்கு முன் தான் தங்கியிருந்த அறையையே காட்டியது, அதற்கப்புறம் அது ஆன்லைனுக்கே வரவில்லை. ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மேக்புக் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலாம்: ஆப்பிளின் 'ஃபைண்ட் மை' ஆனில் இருந்தால், 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் ஓ.எஸ். பதிப்பிலிருந்து, நெட் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போகும் யாரோ ஒருவரின் ஐபோன் ப்ளூடூத் சிக்னலைப் பிடித்து இடத்தைச் சொல்லிவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்தது சீரியல் நம்பர். அடியில் உள்ள ஸ்டிக்கரை யாரும் பிய்த்து எறிந்துவிடலாம், ஆனால் அதே நம்பர் மதர்போர்டில், விண்டோஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குள்ளும் பதிந்திருக்கிறது, ஃபார்மட் செய்தாலும் போகாது. பில்லில் இருந்த அந்த நம்பரை ரயில்வே போலீஸில் கொடுத்த புகாரிலேயே எழுதியிருந்தோம். வேறொரு வழக்கில் ஒருவன் பிடிபட்டபோது ஸ்டிக்கர் இல்லாத லேப்டாப்புகள் சிக்கின. ஒன்றை ஆன் செய்து, பயாஸ் திரையில் இருந்ததை எஸ்.ஐ. ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கப் படிக்க, தம்பி பில்லில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தான். கடைசி எழுத்து வரை பொருந்தியது.

போலீஸில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள், நகல் இலவசம். எந்த ஊரைத் தாண்டும்போது போனது என்றே தெரியாவிட்டாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மேப்பில் புள்ளி தெரிந்தால் அதையும் போலீஸிடமே கொடுங்கள், தயவுசெய்து தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள். வைஃபை ஊகம் பக்கத்து வீட்டைக்கூடக் காட்டும்.

கிடைத்த பிறகும் உடனே கைக்கு வரவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு, பில்லைக் காட்டி, கேட்கும்போது கொண்டுவருகிறோம் என்று பத்திரம் எழுதிக்கொடுத்துத்தான் வாங்கினோம். டிஸ்க்கில் இருந்ததெல்லாம் போனது போனதுதான். அவன் கல்லூரி ப்ராஜெக்ட் மட்டும் கூகுள் டிரைவில் இருந்ததால் தப்பியது.